கையெழுத்துப் போட்ட பாதிரியார்

திருவாசகத்துக்கு ஜி. யு. போப் எழுதிய முன்னுரையைப் படித்தவர்களுக்கு அந்த இடம் மறந்திருக்காது. ஆக்ஸ்போர்டில், பேலியல் கல்லூரியின் உள்முற்றத்தில், இரவு நேரம். போப்பும் கல்லூரித் தலைவரும் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். பேச்சு தமிழ்க் கவிதை, தமிழ்த் தத்துவம் என்று போகிறது. இதை நீங்கள் அச்சிட வேண்டும் என்கிறார் தலைவர். எனக்குச் சாகாவரம் ஒன்றும் இல்லையே, இது முடிய வெகுகாலம் ஆகுமே என்று போப் சொல்கிறார். அந்தப் பெரியவர் திரும்புகிறார். நிலவு வெளிச்சம் அவருடைய வெள்ளைத் தலையில் விழுகிறது. போப்பின் தோளில் கை வைத்து, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நெடுநாள் வாழ வழி, அதை முடிக்கிறவரை நீங்கள் இருப்பீர்கள் என்கிறார். போப் இருந்தார், முடித்தார். 1900 ஏப்ரல் 24, தன் எண்பதாவது பிறந்தநாள் அன்று தேதியிட்டு அந்த முன்னுரையை எழுதினார். சொன்னவர் 1893 அக்டோபரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நம் மேடைகளில் இந்தக் கதை வரும்போது தலைவரின் பெயர் பெரும்பாலும் வராது. வந்தாலும் பெயரோடு சரி. பெஞ்சமின் ஜோவெட் என்ற அந்த ஆளைப் பற்றித்தான் எனக்கு ரொம்ப நாளாக ஒரு உறுத்தல். தோளில் கை வைத்து அப்படி ஒரு வாக்கைச் சொல்ல முடிந்த மனிதர், அதற்கு முப்பது நாற்பது வருடங்களுக்கு முன்னால், தன்னை அவமானப்படுத்தவென்றே நீட்டப்பட்ட ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர். அது சரியா தப்பா என்பதில் என் மனம் பல தடவை மாறியிருக்கிறது. இப்போது ஒரு இடத்தில் வந்து நிற்கிறேன், அதைத்தான் எழுதுகிறேன்.

ஜோவெட் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. 1817-இல் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் பிறந்தார். அப்பாவுக்கு மிருகங்களின் மென்மயிர்த்தோல் வியாபாரம், அது படுத்துவிட்டது. மனிதருக்கு மனசெல்லாம் வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தைப் பாட்டாக யாத்துவிட வேண்டும் என்பதில்தான் இருந்தது. பையன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தான், குடும்பம் வேறு ஊருக்குப் போன பிறகு லண்டனில் தனியாக அறையில் தங்கிப் படித்தான். 1835-இல் பேலியல் கல்லூரியின் உதவித்தொகைப் போட்டியில் வென்றான். 1838-இல், பட்டம் வாங்குவதற்கு முன்னாலேயே, இருபத்தோரு வயதில் அதே கல்லூரியின் ஃபெல்லோவாக, அதாவது கல்லூரியை நடத்துகிற ஆசிரியர்களில் ஒருவனாக, தேர்ந்தெடுக்கப்பட்டான். அதற்குப் பிறகு சாகும்வரை பேலியல்தான் அவருக்கு வீடு. கல்யாணம் இல்லை. 1842-இல் டியூட்டர் ஆனார், 1845-இல் இங்கிலாந்துத் திருச்சபையில் முழுக் குருவாக அபிஷேகம் பெற்றார். அந்தக் காலத்து ஆக்ஸ்போர்டில் பாடம் சொல்லிக்கொடுக்கிற வாழ்க்கையும் பாதிரியார் வாழ்க்கையும் ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தன. ஒன்றை விட்டால் மற்றொன்றும் பெரும்பாலும் போய்விடும். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வருவது புரியும்.

1854-இல் கல்லூரியின் பழைய மாஸ்டர், அதாவது தலைவர், ஜென்கின்ஸ் இறந்தார். அடுத்த மாஸ்டரை ஃபெல்லோக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜோவெட்தான் வருவார் என்று பல பேர் நினைத்தார்கள். ஆனால் வந்தவர் ராபர்ட் ஸ்காட், இன்றைக்கும் கிரேக்கம் படிக்கிறவர்கள் கையில் இருக்கிற லிடெல்-ஸ்காட் அகராதியின் ஸ்காட். ஜோவெட் மனம் ஒடிந்துபோனார். எந்தக் கல்லூரியைத் தன் வாழ்க்கையாக எடுத்துக்கொண்டாரோ, அந்தக் கல்லூரியின் சக ஆசிரியர்களே நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு மறுவருடமே அடுத்த அடி விழுந்தது.

நீட்டப்பட்ட காகிதம்

1855-இல் அவருடைய உரை நூல் வந்தது. வேதாகமத்தில் பவுல் எழுதிய தெசலோனிக்கேயர், கலாத்தியர், ரோமர் ஆகிய நிருபங்களுக்கு, அதாவது கடிதங்களுக்கு, எழுதிய உரை. நடுவே தனிக் கட்டுரைகளும் இருந்தன. அதில் ஒன்று பாவநிவாரணத்தைப் பற்றியது. கடவுளுக்குக் கோபம், அந்தக் கோபம் தணிய ஒரு குற்றமற்றவர் தண்டனை அனுபவித்தார் என்று சபையில் காலங்காலமாகச் சொல்லப்படுகிற விளக்கம் கடவுளையே அநீதியானவர் ஆக்கிவிடுகிறது என்பது ஜோவெட்டின் வாதம். விசுவாசம் இல்லாதவர் எழுதியது அல்ல அது. கடவுளை இதைவிட உயர்வாக நினைக்க வேண்டும் என்று தவிக்கிற ஒரு குருவின் எழுத்து. ஆனால் படித்த பல பேர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

அதே 1855-இல் பிரதமர் பாமர்ஸ்டனின் அரசாங்கம் அவரை ஆக்ஸ்போர்டின் கிரேக்கப் பேராசிரியராக நியமித்தது. அரசரின் பெயரால் வரும் பழைய பதவி, சம்பளம் வருடத்துக்கு 40 பவுண்டு. எட்டாம் ஹென்றி காலத்துத் தொகை அப்படியே இருந்தது. நியமனம் வந்த கையோடு, கோலைட்லி, மேக்பிரைட் என்ற இரண்டு பேர் துணைவேந்தரிடம் புகார் கொடுத்தார்கள். இந்த மனிதர் திருச்சபையின் 39 விசுவாசக் கோட்பாடுகளை மறுக்கிறார், பழைய சட்டப்படி இவரைக் கூப்பிட்டு மறுபடியும் கையெழுத்து வாங்குங்கள் என்பதுதான் புகார்.

இந்த 39 கோட்பாடுகள் முதலாம் எலிசபெத் அரசி காலத்தவை. ஆக்ஸ்போர்டில் யார் சேர்ந்தாலும் அதில் கையெழுத்துப் போட்டுத்தான் சேர வேண்டும் என்று 1854 வரை இருந்தது. குருவாக ஆகிறவர்களும் போட வேண்டும். ஜோவெட் முன்பே போட்டவர்தான். ஆகவே மறுபடி போடு என்பதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: உன் பழைய கையெழுத்தை நாங்கள் நம்பவில்லை.

துணைவேந்தர் காட்டன் முன்னால் போய் நின்றபோது, கையெழுத்து எவ்வளவு பெரிய பொறுப்பு என்று அவர் நீளமாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தாராம். ஜோவெட் இடையில் வெட்டி, நான் கையெழுத்துப் போட வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லி, போட்டுவிட்டு வந்துவிட்டார். விளக்கமும் இல்லை, வாக்குவாதமும் இல்லை. பின்னால் ஒரு கடிதத்தில், இரண்டில் தாழ்ந்த வழியை எடுத்துக்கொண்டு கையெழுத்திட்டுவிட்டதாகவும், குரு என்ற நிலையையே விட்டுவிடாமல் வேறு எதுவும் செய்திருக்க முடியாது என்று தோன்றியதாகவும் எழுதினார்.

தாழ்ந்த வழி என்று அவரே சொல்கிறார். எதிரிகள் சொல்லவில்லை. இந்த ஒரு வாக்கியம்தான் என்னை விடவே இல்லை.

என் பெரியப்பா மகன் ஒருவர் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தார். நிர்வாகம் ஒரு உறுதிமொழித் தாளை நீட்டியது. நிர்வாகத்தின் முடிவுகளைப் பற்றி வெளியில் எங்கும் பேச மாட்டேன் என்கிற மாதிரியான தாள். எல்லோரும் போட்டார்கள், அண்ணன் போடவில்லை, வேலையை விட்டுவிட்டார். வீட்டில் கஷ்டம் இருந்த நேரம் அது. எங்கள் குடும்பத்தில் அவரை நினைத்துப் பெருமைப்படாதவர்கள் கிடையாது, எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஜோவெட் கதையை அவரிடம் ஒரு ராத்திரி சொன்னேன். "போட்டுட்டான்ல? அப்புறம் என்ன பேச்சு? உள்ள ஒண்ண வெச்சுக்கிட்டு வெளிய ஒண்ணு எழுதிக் குடுத்தவன் பசங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பான்?" என்றார். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன், அவர் விடவில்லை. "தம்பி, ஒரு தடவ போட்டா அடுத்த தடவை கை கூசாது. அதான் அவங்களுக்கு வேணும்" என்றார். அது அனுபவப்பட்டவர் பேச்சு, லேசாகத் தள்ளிவிட முடியாது.

அண்ணன் பக்கம் ஆக்ஸ்போர்டிலேயே நல்ல சாட்சிகள் உண்டு. ஜோவெட்டின் நண்பர், கவிஞர் ஆர்தர் ஹியூ கிளஃப், பேலியலில் படித்து ஓரியல் கல்லூரியில் ஃபெல்லோவாக இருந்தவர், இந்தக் கோட்பாடுகளை மனதார ஏற்க முடியவில்லை என்று 1848-இல் பதவியை விட்டுப் போனார். கேம்பிரிட்ஜில் ஹென்றி சிட்ஜ்விக் 1869-இல் அதே காரணத்துக்காக ஃபெல்லோஷிப்பைத் துறந்தார். இவர்கள் யாரும் வீம்புக்குப் போனவர்கள் அல்ல. மனசாட்சிக்கும் சோற்றுக்கும் நடுவில் மனசாட்சியை எடுத்துக்கொண்டவர்கள். அவர்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜோவெட் சின்னவராகத்தான் தெரிவார். ரொம்ப நாள் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இருந்து பட்டது

ஆனால் கையெழுத்தோடு கதை முடியவில்லை. அண்ணன் சொன்னபடி கை கூசாமல் போனதா என்று பார்க்க வேண்டுமானால் அடுத்த பத்து வருடத்தைப் பார்க்க வேண்டும்.

1859-இல் அந்த உரை நூல் இரண்டாம் பதிப்பாக வந்தது. எந்தக் கட்டுரைக்காகக் கையெழுத்து வாங்கினார்களோ அந்தப் பாவநிவாரணக் கட்டுரையைத் திருத்தி எழுதினார். குறைத்து எழுதவில்லை, இன்னும் விரிவாக, இன்னும் அழுத்தமாக எழுதினார். 1860-இல் ஏழு பேர் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரைத் தொகுப்பு வந்தது, அதில் கடைசிக் கட்டுரை ஜோவெட்டுடையது. வேதாகமத்தை மற்ற எந்தப் புத்தகத்தையும் படிக்கிற மாதிரியே படித்துப் பொருள் காணுங்கள், எழுதியவர் எழுதிய காலத்தில் என்ன நினைத்து எழுதினாரோ அதைத் தேடுங்கள், அப்படிப் படித்தாலும் அது வேறு எந்தப் புத்தகத்தையும் போல இல்லை என்பது தானே விளங்கும் என்றார். இன்று நம் ஊர் இறையியல் கல்லூரி மாணவர் யாரும் இதைக் கேட்டு அதிர்ச்சியடைய மாட்டார். அன்று இங்கிலாந்தே கொதித்தது. சுமார் 11,000 குருமார் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். ஏழு பேரில் இரண்டு பேர் மேல் திருச்சபை நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, தண்டனை ஆகி, 1864-இல் மேல்முறையீட்டில்தான் விடுதலை ஆனார்கள். ஜோவெட்டை 1863-இல் பல்கலைக்கழகத்தின் சொந்த நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். இழுத்தவர்களில் புகழ்பெற்ற இறையியல் பேராசிரியர் பியூஸியும் ஒருவர். அந்த வழக்கு நிற்கவில்லை.

வழக்கைவிட எனக்குக் கசப்பாகப் படுவது அந்த 40 பவுண்டு. மற்ற அரசப் பேராசிரியர்களின் சம்பளமெல்லாம் காலத்துக்கேற்ப உயர்ந்திருந்தது. கிரேக்கத்துக்கு மட்டும் உயர்த்த மாட்டோம் என்றார்கள். காரணம் பாடம் அல்ல, ஆள். தீர்மானம் மறுபடி மறுபடி வந்தது, மறுபடி மறுபடி தோற்றது. ஓட்டுரிமை உள்ள பழைய பட்டதாரிகளான குருமார் ஊர் ஊராகக் கிளம்பி வந்து தோற்கடித்தார்கள். ஜோவெட் என்ன செய்தார்? வகுப்பு எடுத்தார். கூட்டம் கூட்டமாக வந்த மாணவர்களுக்கு, கட்டணம் வாங்காமல், பிளேட்டோவின் குடியரசைப் பாடமாகச் சொன்னார். ஆக்ஸ்போர்டில் கிரேக்கம் என்றால் இலக்கணமும் செய்யுளும் என்றிருந்ததை மாற்றி, நீதி என்றால் என்ன, அரசு என்றால் என்ன என்று கேட்கிற படிப்பாக்கியதில் அந்த வகுப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு வழியாக 1865-இல் கிறைஸ்ட் சர்ச் கல்லூரி சம்பளத்தை 500 பவுண்டு ஆக்கியது. பத்து வருடம்.

விட்டுப் போகிறவனுக்கு அவமானம் ஒரு நாள். இருக்கிறவனுக்குத் தினமும். காலையில் எழுந்து அதே முற்றத்தைக் கடந்து, தன்னைத் தோற்கடித்த ஸ்காட் தலைமையில் இருக்கிற அதே கல்லூரியில், தன் சம்பளத்தை மறுத்து ஓட்டுப் போட்டவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு போய்ப் பாடம் நடத்த வேண்டும். பதினாறு வருடம் அப்படி ஓடியது. இதற்கும் ஒரு நெஞ்சுரம் வேண்டும், அது அண்ணனுடைய நெஞ்சுரத்துக்குக் குறைந்தது இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அந்தப் பதினாறு வருடத்துக்குள் கல்லூரிக்கு வந்த இளைய ஃபெல்லோக்கள் பெரும்பாலும் அவர் பக்கம் சாய்ந்தார்கள். 1870-இல் ஸ்காட்டுக்கு ராச்செஸ்டர் பேராலயத்தின் டீன் பதவி கிடைத்துப் போனதும், ஜோவெட் மாஸ்டர் ஆனார். அடுத்த வருடமே, 1871-இல், பல்கலைக்கழகங்களில் இந்த மதக் கையெழுத்துக் கட்டாயத்தைப் பெருமளவுக்கு நீக்கிய சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது வர வேண்டும் என்று உள்ளே இருந்து பாடுபட்டவர்களில் ஜோவெட்டும் ஒருவர். தான் போட்ட அந்தக் கையெழுத்தை இனி வேறொருவர் போட வேண்டியதில்லை என்கிற நிலைமை வந்தபோது அவர் கல்லூரித் தலைவர்.

மாஸ்டர்

மாஸ்டராக அவர் இருந்த இருபத்துமூன்று வருடத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ஓயாது. குள்ளமான, குழந்தை முகம் கொண்ட, கீச்சுக் குரல் உள்ள மனிதர். மாணவர்களை ஒருவர் பின் ஒருவராக நடக்கக் கூப்பிட்டுப் போவார். பேச மாட்டார். பையன் ஏதாவது சொல்லித் தொலைப்பான், பதில் வராது, மௌனமாகவே இருவரும் மைல் கணக்கில் நடந்து திரும்புவார்கள். அந்த மௌனத்துக்குப் பயந்தவர்கள் பிற்காலத்தில் பிரதமரும் பேராயரும் ஆனார்கள். அஸ்க்வித் அவர் மாணவர், காஸ்மோ லாங் அவர் மாணவர், தத்துவ அறிஞர் டி. எச். கிரீன் அவர் மாணவர். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது கவிஞர் ஸ்வின்பர்ன் பற்றிச் சொல்லப்படுவது. ஸ்வின்பர்ன் பட்டம் வாங்காமலே ஆக்ஸ்போர்டை விட்டுப் போனவர். ஊர் அவரைப் பற்றி என்னென்னவோ பேசியது, ஜோவெட் உறவை விடவில்லை. தன் பிளேட்டோ மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் வேலையை அவரிடம் கொடுத்து அடுத்த அறையில் உட்கார வைப்பார். இந்தப் பக்கம் ஜோவெட் ஒரு மாணவனுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்க, அந்தப் பக்கத்திலிருந்து ஸ்வின்பர்ன், இன்னொரு பெரிய தப்பு மாஸ்டர் என்று உற்சாகமாகக் கத்துவார். ஜோவெட் கொஞ்சமும் சங்கடப்படாமல், நன்றி ஆல்ஜெர்னன் என்பாராம். மாணவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான், கிரேக்கப் பேராசிரியரின் கிரேக்கத்தில் தப்பு என்று கவிஞர் கத்துகிறார், இவர் நன்றி சொல்கிறார். எத்தனை கல்லூரி முதல்வர்களால் இது முடியும்?

அந்த மொழிபெயர்ப்பு 1871-இல் நான்கு தொகுதிகளாக வந்தது. 1875-இல் திருத்திய பதிப்பு, 1892-இல், சாவதற்கு முந்தைய வருடம், மறுபடியும் திருத்திய பதிப்பு. அதைத் திருத்த உதவியவர்களில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலும் ஒருவர். 1860-இல் அவர் எழுதிய சமயச் சிந்தனைக் கைப்பிரதியை ஜோவெட்டிடம் சேர்த்தவர் யார் தெரியுமா, பதவியை விட்டுப் போன அந்தக் கிளஃப். விட்டுப் போனவரும் இருந்துவிட்டவரும் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள் என்பதை அண்ணனிடம் சொன்னபோது மட்டும் அவர் எதிர்ப் பேச்சு பேசவில்லை.

இந்தியாவைத் தொடும் இடம்

ஜோவெட்டை மதிக்கிற நான் ஒன்றை ஒளிக்க விரும்பவில்லை. 1854-இல், மாஸ்டர் தேர்தலில் தோற்ற அதே வருடம், மெக்காலே தலைமையில் ஐந்து பேர் குழு ஒன்று இந்திய சிவில் சர்வீஸுக்குப் போட்டித் தேர்வு எப்படி வைப்பது என்று திட்டம் போட்டது. அதில் ஜோவெட் ஒருவர். அதுவரை கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் தங்களுக்கு வேண்டப்பட்ட வீட்டுப் பையன்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சிபாரிசு ஒழியட்டும், படித்தவன் ஜெயிக்கட்டும் என்பது இவர்கள் யோசனை. வியாபாரம் நொடித்த வீட்டிலிருந்து உதவித்தொகையால் மேலே வந்த ஒருவருக்கு அது உயிர்க் கொள்கையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள்: கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750, சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. தேர்வு லண்டனில் மட்டும். கல்கத்தாவிலோ சென்னையிலோ இருக்கிற பையன் கடல் தாண்டிப் போய், அந்த ஊர்ப் பிள்ளைகள் சிறுவயது முதல் படித்த பாடத்தில் அவர்களை ஜெயிக்க வேண்டும். 1863-இல் சத்யேந்திரநாத் தாகூர் முதல் இந்தியராகத் தேறினார். இந்தியாவிலும் அந்தத் தேர்வை வைக்க 1922 வரை ஆயிற்று. நம் நாட்டைப் பற்றி ஜோவெட்டுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது, அவருடைய தம்பிகள் இரண்டு பேர் இந்தியாவில் பணியில் இருந்தபோது இறந்தவர்கள். ஆனால் அவருடைய நியாயத்தின் எல்லைக்குள் அன்று நாம் இல்லை. தேர்வானவர்கள் கப்பல் ஏறுவதற்கு முன் படிக்கிற காலத்தில் பெரும் பங்கினரைப் பேலியலுக்கே இழுத்தார். லான்ஸ்டவுன், எல்கின், கர்சன் என்று அடுத்தடுத்து மூன்று வைஸ்ராய்கள் அந்த ஒரே கல்லூரியிலிருந்து வந்தார்கள். அதில் கர்சன் 1905-இல் வங்காளத்தை என்ன செய்தார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே சாலையில்தான் போப்பும் பேலியலுக்கு வந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். சென்னை மாகாணத்துக்குப் போகிற அந்த இளைஞர்களுக்குத் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுக்கப் பல்கலைக்கழகத்துக்கு ஆள் தேவைப்பட்டது. சாயர்புரத்திலும் தஞ்சாவூரிலும் உதகையிலும் வாழ்ந்து திரும்பிய போப் கிடைத்தார். பேலியல் அவரைத் தன் தேவாலயக் குருவாகவும் வைத்துக்கொண்டது. அதிகாரி தயாரிக்கிற பட்டறையில்தான் திருவாசகம் ஆங்கிலம் ஆனது.

பூனாவிலிருந்து கொர்னீலியா சொராப்ஜி 1889-இல் சட்டம் படிக்க ஆக்ஸ்போர்டு வந்தபோது அவரைத் தன் நண்பர் வட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் எழுபது வயது தாண்டிய ஜோவெட் முக்கியமானவர். பெண்ணின் விடைத்தாளைத் திருத்துவதா என்று முரண்டு பிடித்தார்கள், கடைசி நேரத்தில் தனித் தீர்மானம் போட்டு 1892-இல் அவரைச் சட்டத் தேர்வு எழுத விட்டார்கள். அந்தத் தேர்வை எழுதிய முதல் பெண் அவர். பட்டத்தைக் கையில் கொடுக்க அதற்கப்புறம் முப்பது வருடம் ஆனது வேறு கதை.

எழுதாமல் போனது

சரி, இருந்ததற்கு விலையே இல்லையா? உண்டு, அதுதான் என்னை வருத்துவது. 1860-க்குப் பிறகு ஜோவெட் இறையியலில் பெரிதாக ஒன்றும் வெளியிடவில்லை. இயேசுவின் வாழ்க்கையை எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டே இருந்தார், எழுதவில்லை. பிளேட்டோ, அப்புறம் 1881-இல் துசிடிடிஸ், 1885-இல் அரிஸ்டாட்டிலின் அரசியல் என்று எல்லாம் பிறர் நூல்களின் மொழிபெயர்ப்பு. தனக்கென்று சொல்ல இருந்ததை பிளேட்டோ உரையாடல்களுக்கு எழுதிய முன்னுரைகளிலும் தேவாலயப் பிரசங்கங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார். நேரடியாக, என் விசுவாசம் இது என்று ஒரு புத்தகமாக வைக்கவே இல்லை. 1855-இன் காகிதமும் 1863-இன் வழக்கும் அந்தப் புத்தகத்தைத் தின்றுவிட்டன என்பது என் எண்ணம். பயந்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன், 1860 கட்டுரையை எழுதியவர் பயந்தவர் இல்லை. ஒரு கல்லூரியை நடத்த வேண்டுமானால் எல்லோரோடும் ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போக வேண்டுமானால் சிலவற்றை உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும், அப்படி வைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் அது வெளியே வர மறுத்துவிடுகிறது.

அண்ணன் பயந்தது கை கூசாமல் போவதைப் பற்றி. ஜோவெட்டுக்குக் கை கூசாமல் போகவில்லை, அதற்குப் பத்து வருடச் சம்பளம் சாட்சி. நடந்தது வேறு. தன் பெரிய வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, மற்றவர்களின் பெரிய வேலைகளை முடிக்க வைக்கிறவராக ஆனார். போப்பிடம் அவர் சொன்னதை இப்போது படிக்கும்போது, அது வெறும் உற்சாகப் பேச்சாக எனக்குக் கேட்பதில்லை. ஒரு பெரிய வேலை கையில் இருந்தால் என்ன ஆகும், கைவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டும் தெரிந்தவர் பேசுகிற மாதிரி இருக்கிறது. அது என் வாசிப்பு, போப் அப்படி எழுதவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. கையெழுத்தை மன்னிக்கிற இடத்தில் நான் இல்லை, அதை மன்னிக்க வேண்டியதாக நினைக்கவும் இல்லை. குற்றம் கேட்டவர்களுடையது. அண்ணன் விட்டுப் போனது சரி, ஜோவெட் இருந்தது சரி. விட்டுப் போனவர்களுக்கு நாம் மாலை போடுகிறோம், இருந்து பட்டவர்களை எதிரியோடு சேர்த்து எண்ணிவிடுகிறோம், அதுதான் எனக்கு ஒப்பவில்லை. அண்ணன் இதை இன்னும் ஏற்கவில்லை. "அந்த ஏசு புஸ்தகத்த எழுதியிருந்தா நானும் ஒத்துக்குவேன்" என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜோவெட் தன் புத்தகங்களின் பதிப்புரிமையைப் பேலியல் கல்லூரிக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை நிதி அதிலிருந்து உருவானது. பிளேட்டோ விற்ற காசில் பிற்காலத்து அறிஞர்கள் பலருடைய நூல்கள் அச்சேறின.